கிராங்க் கம்பியும் கலர் படமும்

பீமில் கிராங்க் அடித்த கம்பியை இன்று கடலூரில் தேடித்தான் பார்க்க வேண்டும். ஸ்லாபில் இன்னும் சில மேஸ்திரிகள் அடிக்கிறார்கள்; பீமில் அநேகமாகப் போய்விட்டது. நான் வேலைக்கு வந்த 1980-களில் அது இல்லாத பீமைப் பார்ப்பது அரிது. அடியில் நீளமாக ஓடும் நாலு கம்பியில் நடுவிலுள்ள இரண்டை, தூண் நெருங்கும் இடத்தில் 45 டிகிரிக்கு மேலே தூக்கி, தூண் தலைக்கு மேல் கிடையாகக் கொண்டுபோய், அடுத்த பீமுக்குள் நுழைத்து நிறுத்துவார்கள். கம்பி கட்டுகிறவர் ஒரு தடித்த பலகையில் முளைகள் அடித்து வைத்திருப்பார். முளைகளுக்கு நடுவே கம்பியைக் கொடுத்து, சாக்பீஸால் போட்ட கோடு சரியாக முளைக்கு நேரே வந்ததும் ஒரே இழுப்பு. இருபது மில்லி கம்பி கூட அவர் கைக்குப் பணிந்து வளையும்.

கட்டி முடித்த கூட்டைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், அந்தக் கம்பி நடுவில் அடியிலும் ஓரங்களில் மேலேயும் ஓடுவது தெரியும். பீம் எங்கே எவ்வளவு வளையப் பார்க்கிறது என்று காட்டும் பெண்டிங் மோமென்ட் படத்தை இரும்பில் வரைந்து வைத்தது மாதிரிதான். நடுவில் பீம் தொங்கப் பார்க்கிறது, அங்கே அடிப்பக்கம் இழுபடும். தூணுக்கு மேல் முதுகு தூக்கப் பார்க்கிறது, அங்கே மேல்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே இழுபடும் பக்கத்துக்குக் கம்பி போக வேண்டும். கம்பி கட்டியவர் காலேஜ் வாசலை மிதிக்காதவராக இருக்கலாம். ஆனால் எங்கே சேகிங், எங்கே ஹாகிங் என்று அவர் கைக்குத் தெரியும்.

கிராங்க் போனதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. சாய்ந்து ஏறும் அந்தத் துண்டு ஒரு திசையில் வரும் ஷியருக்கு, அதாவது குறுக்கே வெட்டும் விசைக்குத்தான் துணை நிற்கும். பூகம்பத்தில் ஷியர் திசை மாறி மாறி வரும்போது அதற்கு வேலை இல்லை. இன்று நெருக்கமாக ரிங் போட்டு, நேர்க்கம்பிகளையே மேலும் கீழும் தனித்தனியாக வைப்பது நல்ல முறை. மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கம்பியோடு, படத்தைக் கண்ணெதிரே காட்டும் ஒரு பொருளும் வேலையிடத்திலிருந்து போய்விட்டது. அதற்கு ஈடாக வேறொன்றை நாம் கொடுத்தோமா என்பதுதான் என் கவலை.

நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிவில் சேர்ந்தது 1981-இல். 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலம் வந்தது 1945-இல். கடலூர் ஓ.டி.யிலிருந்து மீட்டர் கேஜ் பாசஞ்சர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டினால் சிதம்பரம். கிராஃப் ஷீட்டைச் சுருட்டி, மழைக்காலத்தில் அதன்மேல் பிளாஸ்டிக் காகிதம் சுற்றி எடுத்துப்போவோம். ஈரமான காகிதத்தில் பென்சில் கோடு ஒழுங்காக விழாது.

ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்த ஆசிரியர் முதல் சில வகுப்புகளில் கரும்பலகையில் எண்ணே எழுதவில்லை. ஒரு பீம் வரைவார், கீழே சப்போர்ட், மேலே அம்புக்குறி. திரும்பிக் கேட்பார்: "தொங்குமா, தூக்குமா? முதல்ல அதைச் சொல்லுய்யா. எவ்வளவுன்னு அப்புறம் பார்க்கலாம்." மேஜையில் கிடக்கும் மர ஸ்கேலை ஒருவனிடம் கொடுத்து இரு முனையையும் விரலால் தாங்கச் சொல்வார், இன்னொருவன் நடுவில் அழுத்துவான். பிறகு அதே முனைகளை இறுக்கிப் பிடித்து, திரும்ப விடாமல் அழுத்தச் சொல்வார். ஸ்கேல் குறைவாகத்தான் தொங்கும். ஆனால் பிடித்திருப்பவன் மணிக்கட்டு வலிக்கும். அந்த வலிதான் ஃபிக்ஸட் எண்ட் மோமென்ட்.

இதைக் கணக்காகச் சொன்னால் இன்னும் அழகு. நாலு மீட்டர் பீம், மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சீரான பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முனைகள் சும்மா உட்கார்ந்திருந்தால் நடுவில் டபிள்யூஎல் ஸ்கொயர் பை 8, அதாவது 40. முனைகள் இறுகியிருந்தால் நடுவில் 13.3 மட்டும், ஓரங்களில் 26.7. இரண்டையும் கூட்டினால் மறுபடியும் 40. பரவளைவின் உயரம் மாறவே இல்லை. மொத்தப் படமும் அப்படியே கீழ்க்கோட்டிலிருந்து நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. முனையை இறுக்கிவிட்டால் மோமென்ட் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது குறையாது, இடம் மாறும். போன இடத்துக்குக் கம்பி போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் நான் பார்த்த விரிசல்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

பரங்கிப்பேட்டையை ரயில் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு பாலம் நினைவுக்கு வரும். அது அந்த ஊரில் இல்லை, வேல்ஸில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலை தொடங்கினார். சேலத்து இரும்புத் தாது, மரக்கரி உலை, கடல் வழியே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி. அங்கே மெனாய் நீரிணைமேல் கட்டிய மெனாய் பாலத்துக்கும் பிரிட்டானியா பாலத்துக்கும் பரங்கிப்பேட்டை இரும்பு போனது என்று நம் பக்கத்து வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வருகிறது. மெனாய் தொங்குபாலம் திறந்தது 1826-இல், ஹீத் உலை மூட்டுவதற்கு முன்பே. ஆகவே அந்தப் பாதி அப்படியே உண்மையாக இருக்க முடியாது. 1850-இல் திறந்த பிரிட்டானியாவுக்குக் காலம் பொருந்துகிறது. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. காரணம் ஊர்ப்பெருமை மட்டும் இல்லை.

பிரிட்டானியா பாலம் 1970 வரை ரயில் உள்ளே போகும் இரும்புக் குழாயாக இருந்தது. ராபர்ட் ஸ்டீஃபன்சன் கட்டியது. 230 அடி, 460 அடி, 460 அடி, 230 அடி என நாலு கண்கள். குழாய்களைத் தனித்தனியாக உட்கார வைத்திருந்தால் ஒவ்வொன்றும் நடுவில் முழு மோமென்ட்டையும் தாங்க வேண்டும். அவர்கள் கோபுரங்களுக்கு மேல் குழாய்களைச் சேர்த்து ரிவெட் அடித்து ஒரே பீமாக்கினார்கள். அதுவும் சும்மா சேர்க்கவில்லை. ஒரு குழாய் ஏற்கெனவே தன் எடையில் தொங்கிவிட்டது; அப்படியே சேர்த்தால் அந்த எடைக்குத் தொடர்ச்சியின் பலன் கிடைக்காது. ஆகவே அடுத்த குழாயின் தூர முனையை உயர்த்திப் பிடித்து, இணைப்பில் ரிவெட் அடித்து முடித்த பிறகு முனையை இறக்கினார்கள். இறங்கும்போது கோபுரத்துக்கு மேல் ஹாகிங் வந்தது, நடுவில் சேகிங் குறைந்தது. தொடர் பீமுக்கு கிளாபெய்ரான் தந்த மூன்று மோமென்ட் தேற்றம் அச்சில் வந்தது 1857-இல். அதற்கு ஏழு வருஷம் முன்பே, மோமென்ட் படத்தை ஜாக்கியால் நகர்த்திக் காட்டியவர்கள் இவர்கள். அந்த இரும்பில் பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்தில் உருகியது ஒரு தகடாவது இருந்திருந்தால், இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெண்டிங் மோமென்ட் சொல்லித்தர இதைவிட நல்ல கதை கிடையாது.

சிதம்பரத்தில் இறங்கினால் இன்னொரு பாடம் இருந்தது. நடராஜர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, தூண்கள் ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்காத மாணவன் இருக்க மாட்டான். கருங்கல் அமுக்கத்துக்கு மலை; இழுப்பில் அந்தப் பலத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். உத்திரத்தின் அடிப்பக்கம் இழுபடும் இடத்தில் கல்லுக்குத் துணை நிற்கக் கம்பி கிடையாது. ஸ்தபதிகள் அதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, தூணைப் பக்கத்தில் கொண்டுவருவது. இரண்டாவது போதிகை. தூண் தலையில் இருபுறமும் நீட்டிக்கொண்டு உத்திரத்தைத் தாங்கும் அந்தக் கல் அலங்காரத்துக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை வேறு. தூணுக்குத் தூண் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். போதிகைகள் பக்கத்துக்கு ஓர் அடி நீட்டினால் உத்திரம் தாவ வேண்டியது 8 அடிதான். மோமென்ட் தூரத்தின் வர்க்கமாக ஏறும். நூறு என்றிருந்தது அறுபத்து நாலாகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போதிகையே வாங்கிக்கொண்டது. சுற்றுவட்டாரத்தில் பாறையே இல்லாத வண்டல் மண்ணில், தொலைவிலிருந்து கொண்டுவந்த ஒவ்வொரு கல்லும் உடையாமல் நிற்க வேண்டும் என்ற அக்கறை அந்தப் போதிகையில் இருக்கிறது. பீம் எப்படி உடைகிறது என்று 1638-இல் எழுதிய கலிலியோ, சுவரில் செருகிய உத்திரத்தின் முழு வெட்டுமுகமும் இழுபடுகிறது என்று எடுத்துக்கொண்டார். பாதி அமுங்குகிறது என்பது அவர் கணக்கில் வரவில்லை. வடிவத்தைப் புரிந்துகொள்வது அவ்வளவு சுலபமானதல்ல.

இறுதியாண்டில் எங்கள் இரவுகளை ஆண்டவர் ஹார்டி கிராஸ். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் இந்தப் பேராசிரியர் 1930-இல் வெளியிட்ட பத்துப் பக்கக் கட்டுரை, உலகம் முழுக்கக் கட்டட அலுவலகங்களின் வேலையை மாற்றியது. அதன் முறை இதுதான்: எல்லா இணைப்பையும் பூட்டு. ஒன்றை மட்டும் திற. அங்கே சமனாகாமல் மிஞ்சும் மோமென்ட்டை வரும் பீம்களுக்கு அவற்றின் விறைப்புக்கேற்பப் பிரித்துக் கொடு. அதில் பாதியை மறுமுனைக்குக் கொண்டுபோ. மறுபடி பூட்டு, அடுத்ததைத் திற. மூன்று மாடிச் சட்டகத்துக்கு ஒரு தாள் போதாது. தாள்களை ஒட்டிக்கொண்டு எழுதுவோம். எண்கள் சிறிதாகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு கோடு போட்டுக் கூட்டும்போது இணைப்பில் பூஜ்யம் வர வேண்டும். வந்த பிறகு படம் வரைவோம். அந்த நேரத்தில் எந்த இணைப்பு வலுவானது, எது எதன்மேல் சாய்கிறது என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்திருக்கும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். கையால் போட்டதால் பலவற்றை நாங்கள் போடவே இல்லை. காற்று ஒரு திசையில் அடித்தால் என்ன, எதிர்த் திசையில் அடித்தால் என்ன, பாரம் ஒரு அறை விட்டு ஒரு அறையில் இருந்தால் என்ன என்று எல்லாச் சேர்க்கையும் பார்க்க நேரம் இருந்ததில்லை. இன்று ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ் மாதிரி மென்பொருள் அந்த வேலையைச் சில நிமிடத்தில் முடிக்கிறது. என் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண், மூன்று மாடி வீட்டுக்கு நான் ஒரு வாரம் போட்டதைக் காலை டீக்கு முன் போட்டு, எந்தச் சேர்க்கையில் எந்த பீம் அதிகம் பாடுபடுகிறது என்று நிறம் நிறமாகக் காட்டுகிறார். அது பெரிய வரம். ஹார்டி கிராஸ் இருந்திருந்தால் அவரும் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் திரையில் வரும் படம் எந்தப் பக்கம் வரைந்தது? நம் பாடநூல்களில் பெரும்பாலும் சேகிங் கோட்டுக்கு மேலே. ஐரோப்பிய வழக்கில் படம் இழுபடும் பக்கத்திலேயே வரையப்படும், சேகிங் கீழே. மென்பொருள் எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்பது அதன் அமைப்பையும் பீமை எந்த முனையிலிருந்து வரைந்தோம் என்பதையும் பொறுத்தது. எண் சரி, நிறம் சரி. மேலா கீழா என்பதைத் திரை கேட்டால்தான் சொல்லும். கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் கேட்பார்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சில வருஷம் முன்பு கடலூரில் ஒரு வீட்டில் பார்த்தேன். ஜன்னலுக்கு மேல் நீட்டிய சன்ஷேடு, சென்ட்ரிங் பிரித்த அன்றே விழுந்துவிட்டது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. உடைந்த இடத்தில் கம்பி கண்ணுக்குத் தெரிந்தது: சரியான தடிமன், சரியான எண்ணிக்கை, அடிப்பக்கத்தில். ஒரு முனையில் மட்டும் பிடித்து வெளியே நீட்டும் எதற்கும் மோமென்ட் பிடிமானத்தில்தான் அதிகம், இழுபடுவது மேல்பக்கம். அங்கே கம்பி இல்லாத சன்ஷேடு வெறும் கான்கிரீட் துண்டு. இன்னொரு விதமாகவும் இது நடக்கும். கம்பியை மேலே சரியாகவே கட்டியிருப்பார்கள். கான்கிரீட் போடும்போது ஆட்கள் அதன்மேல் நடந்து அமுக்கிவிடுவார்கள். நாலு அங்குலக் கனத்தில் மேலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய கம்பி நடுவுக்குப் போய்விட்டால் தாங்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடலூர் ஓ.டி. மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் மேல்பக்கம் மயிரிழை விரிசல் விட்டால் அதன் வழியே துரு இறங்கும்; பத்து வருஷம் கழித்துத்தான் கணக்குத் தீர்க்கும்.

பிடிமானத்தில் மோமென்ட் அதிகம் என்பதை 'தானே' புயல் மாவட்டம் முழுவதற்கும் காட்டியது. 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்ததைப் பற்றி நிறைய எழுதப்பட்டது, அது நியாயம். ஒரு தலைமுறைச் சொத்து ஒரு காலையில் போனது. நான் சாலையில் போகும்போது மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். வரிசையாக விழுந்து கிடந்த கான்கிரீட் கம்பங்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் தரையை ஒட்டியே ஒடிந்திருந்தன. நட்ட கம்பம் நிமிர்ந்து நிற்கும் கேண்டிலீவர். உச்சியில் கம்பிகள் இழுக்க, உடம்பு முழுக்கக் காற்று தள்ள, மோமென்ட் உச்சியில் பூஜ்யத்தில் தொடங்கித் தரைக்கு வரும்போது உச்சம். படத்தில் எது மிக அகலமோ அங்கே ஒடிந்திருந்தது. அந்த வாரம் அலுவலகத்துக்கு வந்த இளைஞர்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மின்சாரம் இல்லாமல் ஊர் இருட்டில் கிடந்தபோது இது பாடம் நடத்தும் நேரமா என்று மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் காட்டினேன்.

இப்போது வரைபடம் வேலையிடத்துக்கு வாட்ஸப்பில் போகிறது. முன்பு அம்மோனியா பிரிண்ட் போகும், மேஸ்திரி அதை மடித்து மடித்துக் கிழியும் வரை வைத்திருப்பார். கம்பி கட்டுகிறவர்களில் பாதிப்பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். கைத்திறனில் ஒரு குறையும் இல்லாதவர்கள். போனில் விரலால் பெரிதாக்கி, கம்பியின் எண்ணிக்கையையும் தடிமனையும் எடுத்துக்கொள்கிறார்கள். வரைபடத்தில் 'டாப் எக்ஸ்ட்ரா' என்று ஒரு வரி இருக்கும். ஏன் எக்ஸ்ட்ரா, எங்கிருந்து எங்கே வரை என்பது அந்தச் சின்னத் திரையில் நழுவிவிடுகிறது. கிராங்க் கம்பி இருந்த காலத்தில் அந்த உருவமே கேள்வி எழுப்பும், பதிலும் சொல்லும்.

அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பீம் வரைபடத்துக்குக் கீழேயும் அதன் மோமென்ட் படத்தைச் சிறிதாக, இழுபடும் பக்கத்திலேயே, எண் இல்லாமல் வரைகிறோம். கணினியில் எடுத்து ஒட்டக் கூடாது, கையால் வரைய வேண்டும். வரைந்த பிறகுதான் திரையில் வந்ததோடு ஒப்பிட வேண்டும். முதலில் அந்தப் பெண் தயங்கினார். "சார், சாஃப்ட்வேரே வரைஞ்சு தருதே, மறுபடி எதுக்கு?" என்றார். அதற்கு நான் பெரிதாகப் பதில் சொல்லவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் வரைபடம் போட்ட ஒரு வீடு பதில் சொன்னது. ஐந்தடி வெளியே நீட்டும் பால்கனி. முன்பெல்லாம் இரண்டரை அடிக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். நீட்டம் இரட்டித்தால் மோமென்ட் நாலு மடங்கு. கையால் வரையும்போது, தூணுக்கு மேல் எழும்பிய ஹாகிங் அங்கேயே நின்றுவிடவில்லை, உள் பீமுக்குள் நீளமாக இறங்கிப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. வரைபடத்திலோ மேல்கம்பி தூணைத் தாண்டியதும் முடிந்திருந்தது. அவரே பிடித்தார், அவரே திருத்தினார். வெளியே நீட்டியதற்கு ஒன்றரை மடங்காவது கம்பி உள்ளே போக வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு.

கான்கிரீட்டுக்கு முதல்நாள் நாங்கள் இருவரும் போனோம். அவர் சென்ட்ரிங் பலகைமேல் சாக்பீஸால் அந்தப் படத்தைப் பெரிதாக வரைந்து காட்டினார். கம்பி கட்டுகிற பீகார்க்காரர் குனிந்து பார்த்து, மேல்கம்பியைக் கையால் தொட்டு, "ஊப்பர்?" என்றார். ஆமாம் என்றதும் உள்ளே நீட்ட வேண்டிய தூரத்தைத் தானே டேப் வைத்து அளந்தார். மேல்கம்பி அமுங்காமல் தாங்க அடியில் வைக்கும் சேர் கம்பிகளை எண்ணிப் பார்த்த மேஸ்திரி, "மேடம், ரெண்டு சேர்தான் போட்டிருக்கு. நாளைக்கு ஆளுங்க இதும்மேலதான் ஏறி நடப்பாங்க. நாலு வேணும்" என்றார்.

"ஆறு போடுங்க, மேஸ்திரி. பலகையும் போட்டு, அதுமேல நடக்கச் சொல்லுங்க" என்றார் அந்தப் பெண்.